இரு விரல்களில் எழுந்த இசை

புதிதாகக் கித்தார் பழகுவோர் முதலில் சொல்வது, விரல் வலிக்கிறது, கம்பி எட்டவில்லை என்பதுதான். கார்டு பிடிக்கும் கையில் இரு விரல்கள் முடங்கிய பிறகும் ஜாஸ் இசையில் உலகப் புகழ் பெற்றவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

1910 ஜனவரி 23-ஆம் நாள் பெல்ஜியத்தில், ஊர் ஊராகச் செல்லும் ரோமா குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு இல்லை. இசைக் குறியீடுகளைப் படிக்கவும் தெரியாது. பாரிஸ் நகருக்கு வெளியே வண்டி வீட்டில் வளர்ந்தவர், பதின்ம வயதிலேயே நடன அரங்குகளில் வாசித்துச் சம்பாதித்தார்.

1928-இல் ஓர் இரவு அந்த வண்டி வீடு தீப்பற்றியது. விற்பனைக்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்களால் தீ வேகமாகப் பரவியது. ஜாங்கோ உயிர் பிழைத்தார். ஆனால், இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. அப்போது அவருக்கு வயது 18.

சிகிச்சையில் இருந்தவருக்குத் தம்பி ஜோசப் ஒரு கித்தாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ முதலிலிருந்து பழகினார். தனி வாசிப்புக்கு இரண்டே விரல்கள். கார்டுகளுக்குக் கட்டைவிரலும் துணைக்கு வந்தது. முடங்கிய விரல்களையும் மேல் கம்பிகளில் முடிந்தவரை ஊன்றினார். ஆறு கம்பிகளையும் நிரப்பும் பெரிய வடிவங்களை விட்டு, சில சுரங்கள் மட்டுமே கொண்ட சிறிய கார்டுகளைத் தேடிக் கண்டடைந்தார்.

இது எப்படிச் சாத்தியம்? சி மேஜர் கார்டில் இருப்பவை சி, இ, ஜி என்ற மூன்று சுரங்களே. சி அடியில் இருந்தால் அது மூல நிலை. இ அடியில் வந்தால் முதல் இன்வர்ஷன். ஜி வந்தால் இரண்டாம் இன்வர்ஷன். ஒலியின் சாயல் மாறும், கார்டு மாறாது. நான்காம், மூன்றாம், இரண்டாம் கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஃபிரெட்டில் மூன்றையும் ஒரே விரலால் அழுத்தினால் ஜி, சி, இ ஒலிக்கும். நான்காம் கம்பியை இரண்டாம் ஃபிரெட்டிலும் இரண்டாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் அழுத்தி, நடுக்கம்பியைத் திறந்து விட்டால் இ, ஜி, சி கிடைக்கும். அதற்கு இரண்டு விரல்கள் போதும்.

1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு அவர் அமைத்த ஐவர் குழுவில் டிரம்ஸ் இல்லை. எல்லாமே கம்பி வாத்தியங்கள். ஐரோப்பிய ஜாஸுக்கு அக்குழு தனி முகவரி தந்தது. ஜாங்கோ 1953-இல், 43 வயதில் பிரான்சில் காலமானார்.

காஜாங்கில் கித்தார் பழகும் தம்பி தங்கைகளே, பெரிய கார்டு வரவில்லை என்று கித்தாரை மூலையில் சாய்த்துவிடாதீர்கள். இன்று ஒரு விரலை ஐந்தாம் ஃபிரெட்டில் வைத்துப் பாருங்கள்.