நிலைக்கட்டணமும் சாமுவேல் இன்சலும்

காமன் ஏரியா கரண்ட் பில்லில் மோட்டார் அதிகம் ஓடாத மாதமும் நிலைக்கட்டணம் எதற்கு என்று கேட்கிறீர்கள் அல்லவா? அந்தக் கணக்கை சிகாகோவில் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் இன்சல். 1859-ல் லண்டனில் பிறந்தவர். எடிசனின் செயலாளராக இருந்து, 1892-ல் சிகாகோ எடிசன் கம்பெனியின் தலைவரானார்.

மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடுவார்கள். அதற்காக வாங்கிய இயந்திரம் மீதி நேரம் சும்மா நிற்கும். செலவு மட்டும் நிற்காது. இங்கிலாந்தின் பிரைட்டனில், உச்சத் தேவையையும் அளக்கும் மீட்டரைப் பார்த்ததும் வழி கிடைத்தது. பகலில் டிராம், தொழிற்சாலை என வாடிக்கையாளர்களைச் சேர்த்தார், கட்டணம் இறங்கியது. 1903-ல் ஃபிஸ்க் தெரு நிலையத்தில் 5,000 கிலோவாட் நீராவி டர்பைனை ஓடவிட்டார்.

1932-ல் அவருடைய கம்பெனிகள் சரிந்தன. பங்கு வாங்கிய சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பும் போயிற்று. (கார்பஸ் ஃபண்டை நினைத்துக்கொண்டேன்!) வழக்குகளில் விடுதலையானாலும், போன பெயர் திரும்பவில்லை. 1938-ல் பாரிஸ் மெட்ரோ ஸ்டேஷனில் மாரடைப்பால் இறந்தார்.