இராபர்ட் மெக்கரிசன்

சர் இராபர்ட் மெக்கரிசன் (மார்ச் 15, 1878 – மே 18, 1960) உணவுக்கும் குடல் நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் குன்னூரில் ஆராய்ந்த மருத்துவர் ஆவார். அயர்லாந்தில் பிறந்த இவர் 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

குன்னூரில் இவர் குரங்குகளுக்கு உயிர்ச்சத்து அழியும்படி வேகவைத்த அரிசியைக் கொடுத்தார். அவற்றின் பெருங்குடல் அழற்சியுற்று வயிற்றுப்போக்கு கண்டது. மனிதரின் பெருங்குடல் அழற்சிக்கும் உணவுக் குறையே காரணமாகலாம் என்று கருதினார். (குரங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.) அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் நிறுத்தப்பட்ட ஆய்வு 1925இல் மீண்டும் தொடங்கியது. கோவில்பட்டிக் கரிசல் போன்ற மானாவாரி நிலத்தாரின் உணவான சிறுதானியங்களையும் ஆராய்ந்தார். இடும் எருவைப் பொறுத்து அவற்றின் சத்து மாறுவதை விசுவநாத்துடன் இணைந்து எழுதினார்.

பெருங்குடற் பை நோய்க்கு நார்ச்சத்துக் குறைவே காரணம் எனப் பெயிண்டரும் பர்கிட்டும் 1971இல் கூறியது இவர் மறைந்த பின்னரே; அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியது. இவரது ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.