எம்.ஜி.ஆரின் கடைசி மூன்று வருடங்கள்

நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தவர், இயக்கத்துக்குப் பணம் கொடுத்த முதலமைச்சர் என்றே எம்.ஜி.ஆரை எங்கள் சனம் நினைவு வைத்திருக்கிறது. அவரது நோயைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1984 ஒக்டோபரில் சிறுநீரகங்கள் செயலிழந்து சென்னை அப்பலோ வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அங்கேயே பக்கவாதம் தாக்கியது. சிறுநீரகம் பழுதானவர்களை மூளையிலும் இதயத்திலும் வரும் சிக்கல்கள்தான் அதிகம் வீழ்த்துகின்றன. நியூயோர்க், புரூக்ளினில் அண்ணன் மகள் லீலாவதியின் சிறுநீரகத்தை டிசம்பரில் பொருத்தினார்கள். பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிபட்டியில் வென்றார்.

மாற்றுச் சிறுநீரகம் உயிரைக் காத்தது. பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. 1967இல் எம்.ஆர்.ராதா சுட்டதில் ஏற்கனவே கெட்டுப்போயிருந்த குரல் அது. மேடையில் கையசைப்பதே பேச்சாயிற்று. சனத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. 1987 டிசம்பர் 24 அதிகாலை, இராமாவரம் வீட்டில், மாரடைப்பால் இறந்தார். வயது 70.