சோழமண்டலக் கரையில் ஒரு பூச்சியியல் முன்னோடி: டாக்டர் கோனிக்

கறிவேப்பிலை இல்லாத சமையல் நம் நாட்டில் இல்லை. அந்தக் கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயர் ‘கோனிகி’ என்று முடிகிறது. பருத்திக் காட்டிலும் வெண்டைத் தோட்டத்திலும், பூவரசு, இலவ மரங்களின் அடியிலும் கூட்டங்கூட்டமாக ஊரும் ஒரு சிவப்புப் பூச்சி உண்டு. ஆணும் பெண்ணும் பின்புறம் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று எதிரெதிர்த் திசையில் இழுத்துச் செல்வதை ஊர்ப்புறத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தச் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் விஞ்ஞானப் பெயரும் ‘கோனிகி’ என்றே முடிகிறது.

செடிக்கும் பூச்சிக்கும் தம் பெயரைத் தந்த அந்த மனிதர் யார்? அவரே யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர். தம் வாழ்நாளின் கடைசிப் பதினேழு ஆண்டுகளைக் கீழைநாடுகளில், பெரும்பாலும் நம் சோழமண்டலக் கரையிலும் அதைச் சார்ந்த நாடுகளிலும் கழித்தவர். இந்த மண்ணின் பூச்சிகள் உலக விஞ்ஞானத்தின் ஏட்டில் இடம்பெறத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவரது வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

கோனிக் 1728ஆம் ஆண்டில், இன்று லாத்வியா என வழங்கும் நாட்டில் பிறந்தார். மருந்தாளராகத் தொழில் கற்றார். செடிகொடிகளின் மீது அவருக்கு இருந்த பற்று அவரைச் சுவீடன் நாட்டு உப்சாலா நகருக்கு இழுத்துச் சென்றது. அங்கே, உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் என்னும் பேரறிஞர் ஆசிரியராக இருந்தார். அவரது மாணவர் ஆனார் கோனிக்.

லின்னேயஸின் மாணவர்கள் வகுப்பறையோடு நின்றவர்கள் அல்லர். ஆசிரியர் ஊரில் இருந்து பெயரிடுவார்; மாணவர்கள் உலகின் மூலைமுடுக்கெல்லாம் சென்று உயிரினங்களைத் திரட்டி அனுப்புவார்கள். அவர்களுள் சிலர் சென்ற நாட்டிலேயே நோயுற்று மாண்டதும் உண்டு. கோனிக் முதலில் டென்மார்க் அரசின் சார்பில் பனி சூழ்ந்த ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்று, 1764, 1765ஆம் ஆண்டுகளில் செடிகளைச் சேகரித்தார். அதன் பின்னர் விதி அவரை நேர் எதிரான வெப்ப நாட்டிற்கு அனுப்பியது.

தரங்கம்பாடிக்கு வருகை

1620 முதல் தரங்கம்பாடி டென்மார்க் நாட்டவரின் வாணிகத் தலமாக இருந்தது. 1706இல் சீகன்பால்கு அங்கு வந்திறங்கிய பின், கிறித்தவ மிஷனும் அச்சுக்கூடமும் அங்கே வளர்ந்தன. அந்த மிஷனின் மருத்துவராக நியமிக்கப்பெற்ற கோனிக் 1767இல் கப்பலேறினார். வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கிச் செடிகளைத் திரட்டி லின்னேயஸுக்கு அனுப்பிவிட்டு, 1768இல் தரங்கம்பாடியை அடைந்தார்.

நோயாளிகளைப் பார்ப்பது அவர் தொழில். வயலும் குளமும் கடற்கரையும் அவர் உள்ளம் நாடிய இடங்கள். அந்தந்த நாட்டு நோய்க்கு அந்தந்த நாட்டு மூலிகையே ஏற்றது என்னும் பொருள் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்காக, கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1773இல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. இதற்கு முன்பே, 1771இல், கறிவேப்பிலைக்குத் தம் மாணவரின் பெயரைச் சூட்டிச் சிறப்பித்திருந்தார் லின்னேயஸ்.

நாவாய்ப்பூச்சிகளும் பெப்ரிசியஸும்

பூச்சிகளுள் நாவாய்ப்பூச்சிகள் தனி இனம். வண்டுக்கு மெல்லும் வாய். இவற்றுக்கு ஊசி போன்ற உறிஞ்சு குழல். வேலையில்லாதபோது அக்குழலை மார்பின் அடியில் மடித்து வைத்துக்கொள்ளும். முன் இறக்கையின் அடிப்பாதி தோல்போல் தடித்தும், நுனிப்பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். தொட்டால் பலவும் நாற்றம் வீசும். நெல் பால்பிடிக்கும் பருவத்தில் வயலில் முடைநாற்றம் கிளப்பும் கதிர் நாவாய்ப்பூச்சி இக்கூட்டத்தைச் சேர்ந்தது. கட்டிலில் நம்மைத் தூங்கவிடாத மூட்டைப்பூச்சியும் இதே கூட்டம்தான். உலகில் இதுவரை 40,000க்கு மேற்பட்ட நாவாய்ப்பூச்சி இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

கோனிக் திரட்டிய பூச்சிகள் ஐரோப்பாவில் ஒரு தகுந்த அறிஞரின் பார்வைக்குச் சென்றன. அவர் பெயர் யோஹான் கிறிஸ்டியன் பெப்ரிசியஸ். இவரும் லின்னேயஸின் மாணவரே. கோனிக்கைவிடப் பதினேழு வயது இளையவர். பூச்சிகளை இறக்கையைக் கொண்டு பிரித்தார் ஆசிரியர். மாணவரோ வாயின் அமைப்பைக் கொண்டு பிரிக்கலாம் என்று புதுவழி கண்டார். 1775இல் வெளிவந்த அவரது பெருநூலில் எண்ணற்ற புதிய பூச்சிகள் பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்று நம் சிவப்பு நாவாய்ப்பூச்சி. அதற்குக் கோனிக்கின் பெயரையே வைத்தார் பெப்ரிசியஸ். பிற்காலத்தில் அது டிஸ்டெர்கஸ் என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டு, டிஸ்டெர்கஸ் கோனிகி ஆயிற்று.

அந்தக் காலத்தில் ஒரு பூச்சியைப் பழுதின்றி ஐரோப்பாவுக்கு அனுப்புவது எளிய செயலன்று. ஊசியில் குத்தி உலர்த்திய பூச்சியை எறும்பு தின்னும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லப் பல மாதங்கள் ஆகும். புயலில் கப்பலே மூழ்கினால் ஆண்டுக்கணக்கான உழைப்பும் கடலோடு போகும். இவ்வளவு இடரையும் கடந்து போய்ச் சேர்ந்த பூச்சிகளே இன்றும் ஐரோப்பியக் காட்சிசாலைகளில் போற்றிக் காக்கப்படுகின்றன.

நவாபின் பணியில்

மிஷன் தந்த ஊதியம் கோனிக்கின் பயணங்களுக்குப் போதவில்லை. 1774இல் ஆர்க்காடு நவாபு முகம்மது அலியின் இயற்கை ஆய்வாளராகப் பணியேற்றார். நவாபு அப்போது சென்னைச் சேப்பாக்கத்து அரண்மனையில் வாழ்ந்து வந்தார். நம் செங்கற்பட்டுச் சீமையோ 1763இல் நவாபு ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்த பகுதி. இவ்வாறு தென்கோடித் தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரையிலான நாடு முழுவதும் கோனிக்கின் ஆய்வுக் களமாக விரிந்தது.

கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஸ்மீத்மன் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரைக்கு அது இரண்டாண்டு முந்தியது. ஈசலைப் புகையிட்டு வெளியேற்றிப் பானையில் பிடிப்பதையும், மாவோடு கலந்து உண்பதையும் அவர் விடாமல் எழுதி வைத்தார். பூச்சியை மட்டுமன்றி, அதனோடு வாழும் மக்களையும் அவர் கண்கள் கண்டன.

1778இல் சென்னையில் கம்பெனியின் பணிக்கு மாறினார். அவ்வாண்டே சயாமுக்கும் மலாக்காவுக்கும் புறப்பட்டு, 1780இல் மீண்டார். இலங்கைக்கும் சென்று வந்தார். அவர் திரும்பிய ஆண்டில்தான் ஹைதர் அலியின் படை கர்நாடகத்தில் புகுந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெரும்போர் மூண்டது. செங்கற்பட்டுச் சீமையின் ஊர்கள் பாழாயின. அத்தகைய காலத்திலும் அவர் தம் பணியை நிறுத்தவில்லை.

மறைவு

பிற்காலத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவராகப் புகழ்பெற்ற ராக்ஸ்பரோ, அந்நாளில் காக்கிநாடாவை அடுத்த சாமல்கோட்டையில் இளம் மருத்துவராக இருந்தார். கோனிக்கிடம் நட்புப் பூண்டு, அவரிடம் பலவும் கற்றவர். வடக்கே பயணம் செய்கையில் சீதபேதியால் நலிந்த கோனிக்குக்கு அந்த ராக்ஸ்பரோவே இறுதியில் மருத்துவம் பார்த்தார். பயனில்லை. 1785 ஜூன் 26ஆம் நாள், காக்கிநாடாவின் பகுதியான ஜகந்நாதபுரத்தில் கோனிக் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

தம் கையெழுத்துப் படிகளை லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு விட்டுச் சென்றார். தம் பெயரில் அவர் அச்சிட்டவை மிகச் சிலவே. அவர் கண்டவற்றுள் பலவற்றைப் பிறர் வெளியிட்டனர். சயாம் பயண நாட்குறிப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தது 1894இல்தான். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு! எனினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. தரங்கம்பாடி மிஷனரிகளான ஜான், க்ளைன், ராட்லர் முதலியோர் அவர் வழியில் செடிகளையும் உயிர்களையும் திரட்டினர். இவர்களுள் ராட்லர், தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தவர் என்ற வகையில் நமக்கு நன்கு தெரிந்தவரே.

பெயர் போதுமா? ஊர் வேண்டாமா?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெப்ரிசியஸின் நூல்களில் ஒவ்வொரு பூச்சிக்கும் வாழிடம் ஒரே சொற்றொடரில் முடிந்துவிடும். இந்தியா என்றோ, சோழமண்டலக் கரை என்றோ, தரங்கம்பாடி என்றோ இருக்கும். எந்தச் செடியில், எந்த மாதத்தில், கடலோரத்திலா, உள்நாட்டு ஏரிக்கரையிலா என்பதெல்லாம் அதில் இல்லை. ஒரு பூச்சி இருக்கிறது என்று உலகுக்கு அறிவித்தது முதல் தலைமுறை. அது எங்கெங்கே இருக்கிறது என்று அறிவிக்கும் வேலை அடுத்த தலைமுறைகளுக்கு விடப்பட்டது.

அந்த வேலையை, வங்காளத்தில் கணக்குத்துறை உயர் அதிகாரியாக இருந்த அட்கின்சன் 1880களில் தம் ஓய்வு நேரத்தில் தொடங்கினார், 1890இல் மறைந்தார். பின்னர் லண்டனைச் சேர்ந்த டிஸ்டண்ட் என்பவர், இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் நாவாய்ப்பூச்சிகளையும் அவற்றின் உறவினங்களையும் ஏழு தொகுதிகளில் விவரித்தார். முதல் தொகுதி 1902இலும் ஏழாம் தொகுதி 1918இலும் வெளிவந்தன. ஒவ்வொரு பூச்சியின் கீழும் கிடைத்த ஊரும் திரட்டியவர் பெயரும் தரப்பட்டன. 1916இல் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வகம் அந்தப் பணியை இன்றளவும் தொடர்கிறது.

ஊர்ப்பெயர் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கோனிக்கின் சிவப்பு நாவாய்ப்பூச்சியே சான்று. பெப்ரிசியஸ் அதே 1775இல் சிங்குலேட்டஸ் என்று இன்னொரு பூச்சிக்கும் பெயரிட்டார். இரண்டும் உருவில் ஒத்தவை. ஆகவே நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணப்பட்டன. நம் பாடநூல்களில் ஒரே பருத்திப் பூச்சிக்கு இரண்டு பெயர்களும் மாறிமாறி வருவது இதனால்தான். பின்னர் ஆய்வாளர்கள் இரண்டும் வேறு என்று பிரித்தறிந்தனர். கோனிகி பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் சேர்ந்தது. சிங்குலேட்டஸ் பெரும்பாலும் கிழக்கே தென்கிழக்காசிய நாடுகளைச் சேர்ந்தது. எந்த ஊரில் பிடித்தது என்ற சீட்டோடு பூச்சிகள் பெட்டியில் இருந்ததால்தான், இரண்டின் எல்லைகளையும் வரைய முடிந்தது. சீட்டில்லாத பூச்சி, முகவரியில்லாத கடிதம். யாருக்கும் போய்ச் சேராது.

சீட்டிலும் மாவட்டப் பெயர் மட்டும் போதாது. தரங்கம்பாடி முன்பு தஞ்சை மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்திற்குப் போயிற்று. 2020இல் மயிலாடுதுறை மாவட்டமாயிற்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பொன்னேரியும் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் அடங்கியிருந்தன. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019இல் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆனால் எல்லை வேறு. ஆகவே ஐம்பதாண்டுக்கு முந்திய சீட்டில் செங்கற்பட்டு மாவட்டம் என்று மட்டும் இருந்தால், அப்பூச்சி கொளவாய் ஏரிக்கரையில் கிடைத்ததா, பழவேற்காட்டில் கிடைத்ததா என்று யாரால் சொல்ல இயலும்? ஊர் பெயர், நாள், செடி, பிடித்தவர் பெயர் என்ற நான்கும் இருந்தால்தான் அது விஞ்ஞானம்.

நமக்குள்ள கடமை

செங்கற்பட்டையும் மாமல்லபுரத்தையும் இணைக்கும் சிறு நிலப்பரப்பில் எத்தனை வகை வாழிடங்கள்! ஏரிப் பாசன நெல்வயல்கள். கருங்கற்குன்றுகளும் முட்புதர்க் காடுகளும். பாலாறு கடலில் கலக்கும் மணல்வெளி. பக்கிங்காம் கால்வாயின் உவர்நீர். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரை. நெல்லில் ஒரு நாவாய்ப்பூச்சி, தேங்கிய நீரில் மல்லாந்து நீந்தும் ஒன்று, எருக்கில் மற்றொன்று. கடலையும் இவை விடவில்லை. பரந்த கடலின் மேற்பரப்பில் நீண்ட கால்களால் ஓடித்திரியும் ஹாலோபேட்டஸ் என்னும் இறக்கையில்லாப் பூச்சியும் நாவாய்ப்பூச்சியே. நடுக்கடலில் வாழும் பூச்சிகள் இப்பேரினத்தைச் சேர்ந்தவை மட்டுமே. நம் வங்கக் கடலிலும் அவை உண்டு.

இவ்வாழிடங்கள் நாள்தோறும் மாறி வருகின்றன. ஏரிக்கரையில் வீடுகள் எழுகின்றன. கடற்கரைச் சாலையின் இருபுறமும் மணல்மேடுகள் சமனாகின்றன. இன்று பதிவு செய்யாத பூச்சி இங்கே இருந்தது என்று நாளை எவராலும் நிறுவ இயலாது. அழிந்தது என்று சொல்லவும் முதலில் இருந்தது என்ற பதிவு வேண்டுமன்றோ?

கோனிக்குக்குக் குளிர்சாதன அறையோ, புகைப்படக் கருவியோ, ஒழுங்கான ஊதியமோ கிடையாது. அயல்நாட்டில், நோயும் போரும் சூழ, குறைந்த வசதியோடு அவர் செய்த பணியின் பயனை இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் உலகம் துய்க்கிறது. நாமோ சொந்த மண்ணில் இருக்கிறோம். விலங்கியல் மாணவர்கள் தம் ஊர்ப் பூவரசின் அடியில் உள்ள பூச்சி எது, எந்த மாதத்தில் தோன்றுகிறது, எந்தச் செடியில் வாழ்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கட்டும். தன் ஊரின் பெயரை விஞ்ஞான ஏட்டில் பொறிக்க அதைவிட எளிய வழி இல்லை. அந்த மருத்துவர் நமக்கு விட்டுச்சென்ற பணியும் அதுவே.