சாலைக்கு வந்த மருத்துவர்

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் அமைந்துள்ள கோடைக்கானலில், 1845ஆம் ஆண்டு அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் தம் முதல் இல்லங்களைக் கட்டினர். சமவெளியின் கடும் வெப்பமும் தொற்றுநோய்களும் அவர்தம் குடும்பங்களில் பல உயிர்களைக் கவர்ந்தமையே அதற்குக் காரணம். நோய்க்கு அஞ்சி மலையேறும் வாய்ப்பு, சமவெளியில் உழுது வாழ்ந்த மக்களுக்கு இல்லை. மருத்துவமனையை நாடிச் செல்லும் வசதியும் பலருக்கு இல்லை. அவர்களைத் தேடி மருத்துவமே செல்ல வேண்டும் என உணர்ந்து செயலாற்றியவர் ஐடா சோபியா ஸ்கடர்.

இவர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவப் பணியாளர்களே. எனினும், அப்பணியில் ஈடுபடும் எண்ணம் இவருக்கு இருக்கவில்லை. 1890இல், நோயுற்ற அன்னைக்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். அங்கு ஓரிரவில், பேறுகால வேதனையில் தவித்த தம் மனைவியரைக் காக்க வேண்டி மூவர் அடுத்தடுத்து வந்தனர். ஆண் மருத்துவரான தந்தையாரை அனுமதிக்க அவர்களின் மரபு இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். பொழுது விடிவதற்குள் அப்பெண்கள் மூவரும் இறந்தனர். அவ்விரவே ஐடாவின் வாழ்க்கைத் திசையை மாற்றியது.

அமெரிக்கா சென்று கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1899இல் பட்டம் பெற்ற ஐடா, 1900இன் தொடக்கத்தில் தமிழகம் திரும்பினார். அவ்வாண்டே தந்தையார் மறைந்தார். வேலூரில், தம் இல்லத்தின் சிறிய அறையொன்றில் தனியே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902இல், 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனையில் காத்திருக்கும் மருத்துவர், அங்கு வர இயன்றவரை மட்டுமே காண்பார். எனவே, ஐடா மாட்டுவண்டியிலும் பின்னர்க் காரிலும் சிற்றூர்களுக்குப் புறப்பட்டார். 1909இல் பியூஜோ கார் வந்தபோது, குதிரையின்றி ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் முதலில் அஞ்சி ஓடினர். நாளடைவில் அதன் வரவுக்காகவே காத்திருந்தனர். குடியாத்தம் சாலையில் வழக்கமாக நிற்கும் இடங்கள் உருவாயின. மரத்தடியே மருத்துவ நிலையமாயிற்று. கண்நோயாளரும் ஆறாத புண்ணுற்றோரும் ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளரும் அங்குக் கூடினர். புண்களைத் தூய்மை செய்து கட்டி, மருந்தளித்து, அடுத்த ஊர் நோக்கி நகர்வது அவர் வழக்கம். கடுமையான நோயுற்றோரை வேலூருக்கு அழைத்துவந்தார்.

ஓரிடத்தில் சில மணிநேரமே தங்கும் இப்பணி, ஒரு பேருண்மையை அவருக்கு உணர்த்தியது. வண்டி நகர்ந்தபின் அவ்வூரில் பேறுகாலத் துன்பம் நேர்ந்தால் துணை நிற்பவர் யார்? ஒருவர் எத்துணை ஊர்களுக்குச் செல்ல இயலும்? தம்மைப் போன்ற பலரை உருவாக்குவதே அதற்கு விடையெனக் கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பெற்றன. பெண்களால் தேர்ச்சிபெற இயலுமா எனப் பலர் ஐயுற்றனர். முதல் அணியில் படிப்பை நிறைவுசெய்த 14 பேரும் 1922இல் தேர்ச்சி பெற்று அவ்வையத்தைப் போக்கினர். அப்பள்ளியே பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1947முதல் ஆண்களும் அங்குப் பயின்றனர்.

1946இல் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஐடா, கோடைக்கானலில் உள்ள ‘ஹில் டாப்’ என்னும் தம் இல்லத்தில் வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டு மே திங்களில், தமது 89ஆம் அகவையில் அங்கேயே மறைந்தார். அன்று மூன்று பெண்களைக் காக்க ஒரு பெண் மருத்துவர்கூட இல்லை. அவர் மறைந்தபோதோ, வேலூரில் பயின்ற பெண் மருத்துவர்கள் பல ஊர்களில் பணியாற்றிக்கொண்டிருந்தனர்.