புள்ளியியல் மேதை மகலனோபிஸ்

ஜூன் 29 என்ன நாள்னு தெரியுமா? தேசிய புள்ளியியல் தினம். 2007 முதல் கொண்டாடுகிறார்கள். அது பிரசாந்த சந்திர மகலனோபிஸ் பிறந்த நாள். அவரைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இவர் 1893-ல் கொல்கத்தாவில் பிறந்தார். இயற்பியல் படித்தார். மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே நம்ம ராமானுஜன் இவருக்கு நண்பர் ஆனார். 1910-ல் வேலை கேட்டுத் திருக்கோவிலூர் வரைக்கும் வந்தாரே, அதே ராமானுஜன்தான்! குளிரில் நடுங்கியவருக்குக் கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் இவர்தானாம்.

ஊருக்குத் திரும்பி கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். ஆனால் மனசெல்லாம் புள்ளியியலில்தான். 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1937-ல் வங்காளத்தில் சணல் பயிரைக் கணக்கெடுக்கும் வேலையை ஆரம்பித்தார். எல்லா வயலையும் அளக்க முடியுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனா எந்தச் சோறு? ரோட்டோரம் நல்லா விளைஞ்ச கொல்லையை மட்டும் பார்த்தா கணக்கு தப்பாயிடும். அதனால் குலுக்கல் சீட்டு மாதிரி தற்செயல் எண்களை வைத்து இடங்களை எடுத்தார்.

இன்னொரு யோசனையும் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழு. ஆளுக்கு ஒரு தனிக் குலுக்கல். இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நம்பலாம். ஒரே நோட்டைப் பார்த்து நாலு பேர் வீட்டுப்பாடம் எழுதினா நாலு விடையும் ஒண்ணாத்தான் இருக்கும். அதனால அது சரின்னு ஆயிடுமா?

1956-ல் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் இவர் நிறுவனத்துக்குத்தான் வந்தது. இன்றைய கம்ப்யூட்டர்களுக்கும் அவர் யோசனை பொருந்துகிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் மல்லாட்டை ரகங்களைக் கலந்து, நல்லதைப் பொறுக்கிப் புது ரகம் உண்டாக்குகிறார்கள் அல்லவா? அதே மாதிரி விடைகளைக் கலந்து, நல்ல விடையைப் பொறுக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. அந்த வேலையைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தொடக்க எண்ணிலிருந்துதான் தற்செயல் எண்களைக் கணக்கிடும். அந்த எண்ணுக்குப் பெயரே விதை! பத்துக்கும் ஒரே விதை போட்டால் பத்தும் ஒரே வேலையைத்தான் செய்யும். கரண்ட்தான் வீண். கடிகார நேரத்தை விதையாக வைத்தாலும், ஒரே நொடியில் எல்லாம் கிளம்பினால் அதே கதிதான். அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி விதை கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு நினைக்காதீங்க. இவரைப் போன்றவர்கள் வகுத்த முறையில்தான் நம்ம விழுப்புரம் மாவட்டத்திலும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கிறது. குலுக்கலில் வந்த வயலில் ஓர் இடத்தை அளந்து, அறுத்து, எடை போடுவார்கள். பயிர் காப்பீட்டுப் பணத்துக்கு அந்த எடை ரொம்ப முக்கியம். எங்க வயல் குலுக்கலில் வராவிட்டாலும் எங்கப்பாவுக்குப் பணம் கிடைக்குமா என்பது அந்தச் சில வயல்களைப் பொறுத்ததுதான். வசதியான வயலாகப் பார்த்து எடுத்தால் நஷ்டம் ஊருக்கே.

1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கவும் இவரே காரணம். 1968-ல் பத்ம விபூஷண் பெற்றார். 79-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், 28.6.1972 அன்று காலமானார். பாரபட்சம் இல்லாமல் எடுத்த கொஞ்சம், ஊர் முழுசுக்கும் உண்மை சொல்லும் என்று காட்டிய இவரை நாமும் நினைவில் வைப்போம்.