வள்ளலார் நடந்த வழி

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் அமைந்துள்ள ஊர் வடலூர். இதன் அருகே நெய்வேலி நகரம் இருக்கிறது. நிலத்தின் ஆழத்தில் புதைந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுப்பதற்காக 1956 ஆம் ஆண்டில் அங்கு ஒரு பெருநிறுவனம் தொடங்கப்பெற்றது. வடலூரைச் சூழ்ந்த நிலம் செம்மண் நிலம். முந்திரித் தோப்புகள் மேட்டிலும் சரிவிலும் பரந்து நிற்கும். தெற்கே செல்லச் செல்லச் செம்மேடு தாழ்ந்து, வெள்ளாற்று நீரும் ஏரி நீரும் பாயும் பசுமையான வயல்வெளி கண்ணுக்குத் தோன்றும்.

மேலைநாடுகளில், சான்றோர் வாழ்ந்த ஊர்களையும் பழம்பெருமை வாய்ந்த பூங்காக்களையும் மிதிவண்டியிலே சென்று கண்டு மகிழ்வது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகும். நம் நாட்டிலும் அவ்வாறு சுற்றிக் காணத்தக்க வழிகள் பல உண்டு. மருதூர், கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என்னும் நான்கு ஊர்களையும் இணைக்கும் வழி அவற்றுள் ஒன்று. விடியற்காலையில் மிதிவண்டியில் புறப்படும் மாணவர் இவ்வூர்களையெல்லாம் கண்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். ஆனால் மிதிவண்டி நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்து சேராத காலத்தில், இவ்வழிகளிலே நடந்து நடந்து, அவ்வழியே வருவோரின் பசியைக் கண்டு, அதைத் தீர்ப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார் ஒரு பெரியார். அவரே வள்ளலார் எனப் போற்றப்பெறும் இராமலிங்க அடிகள்.

சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள சிற்றூர் மருதூர். அங்கே இராமையா பிள்ளை என்பவர் ஊர்க்கணக்கராக இருந்தார்; சிறுவர்க்கு எழுத்தும் கற்பித்து வந்தார். அவருக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாக, 1823 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5 ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். குழந்தைக்கு ஓராண்டு நிரம்புவதற்கு முன்பே தந்தையார் இறந்துவிட்டார். அன்னையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பகுதியிலிருந்த தம் பிறந்த ஊருக்குச் சென்றார். பின்னர்ச் சென்னையில் ஏழுகிணறுப் பகுதியில் குடியேறினார். மூத்த மகனாரான சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து, அதனால் வந்த சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார்.

தம்பியைப் பெரும்புலவராக்க வேண்டும் என்பது தமையனாரின் ஆசை. அதற்காகக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தமிழ் பயில அனுப்பினார். சிறுவரோ பள்ளியில் அமர்வதை விடுத்துக் கந்தகோட்டத்தில் முருகன் திருமுன் நின்று பாடிக்கொண்டிருந்தார். செய்தி அறிந்த தமையனார் சினங்கொண்டார். இனி அவனுக்கு வீட்டில் உணவிடக் கூடாது எனக் கட்டளையிட்டார். அண்ணியார் மனம் பொறாது, கணவர் அறியாமல் சிறுவரை அழைத்து உணவளித்து வந்தார் என்பர். உணவு மறுக்கப்பெறுவதன் துன்பத்தையும், ஒருவர் அன்போடு இடும் ஒரு பிடி சோற்றின் அருமையையும் இராமலிங்கர் இளமையிலேயே அறிந்துகொண்டார்.

சில காலத்திற்குப் பின் ஒரு நாள், தமையனார் உடல்நலம் குன்றியமையால், ஒரு செல்வர் இல்லத்தில் நிகழ இருந்த சொற்பொழிவிற்குத் தம்பியை அனுப்ப நேர்ந்தது. இளைஞர் திருஞானசம்பந்தர் வரலாற்றை விரித்துரைத்த திறத்தைக் கேட்டோர் வியந்தனர். தாம் கற்பிக்க முயன்ற தம்பி, தாம் கற்பிக்கத் தேவையில்லாதவர் என்பதைத் தமையனாரும் உணர்ந்தார்.

அதன் பின்னர் அவருடைய புகழ் சென்னை நகரில் பரவியது. தொழுவூர் வேலாயுத முதலியார் முதலிய அறிஞர்கள் அவரை ஆசிரியராக ஏற்றனர். 1850 ஆம் ஆண்டில் உறவினர் வற்புறுத்தியதால் தம் தமக்கையாரின் மகளை மணந்தார். எனினும் அவர் உள்ளம் இல்லறத்தில் நிலைக்கவில்லை. 1851 இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854 இல் மனுநீதிச் சோழனின் வரலாற்றை மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலாக இயற்றினார். செய்யுளே நூலாக மதிக்கப்பெற்ற அந்நாளில், பொதுமக்கள் படித்தறியும் உரைநடையில் எழுதியது குறிப்பிடத்தக்கதாகும்.

சென்னையிலேயே இருந்திருந்தால் பெயரும் பொருளும் அவரைத் தேடி வந்திருக்கும். ஆனால் அவர் உள்ளம் நகர வாழ்வை நாடவில்லை. 1858 ஆம் ஆண்டில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அந்நாளில் சென்னையிலிருந்து சிதம்பரத்திற்குப் புகைவண்டி கிடையாது. செல்வர் பல்லக்கிலும் மாட்டு வண்டியிலும் சென்றனர். ஏழைகள் கால்நடையாகவே சென்றனர். அடிகளார் தலங்கள் பலவற்றை வணங்கிச் சிதம்பரத்தை அடைந்தார். அங்கே கருங்குழி மணியக்காரரான வேங்கட ரெட்டியார் அவரைக் கண்டு, தம் இல்லத்தில் தங்குமாறு வேண்டினார். அவ்வன்பிற்கு இசைந்து, 1867 ஆம் ஆண்டு வரை கருங்குழியில் வாழ்ந்தார். திருவருட்பாவில் உள்ள பாடல்கள் பல அவ்வீட்டில் இயற்றப்பெற்றவை.

கருங்குழியில் இருந்த நாட்களில் அவர் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சிதம்பரத்திற்கும் அடிக்கடி சென்று வந்தார். கையை வீசி நடப்பதும் ஆணவத்தின் அடையாளமாகும் என எண்ணி, உடல் முழுவதையும் வெள்ளாடையால் போர்த்து, கைகளை அதனுள் அடக்கி நடப்பது அவர் வழக்கம் என்று கூறுவர். மெல்ல நடப்பவர் கண்ணுக்கு விரைந்து செல்வோர் காணாதன பலவும் தெரியும். மழை பொய்த்தால் அம்மேட்டு நிலத்துப் பயிர் முதலில் தலைசாய்வதை அவர் கண்டார். பிச்சைக்குச் சென்றும் உணவு கிடைக்காமல் சோர்ந்து வருவோரைக் கண்டார். நோயாலும் வறுமையாலும் மெலிந்தோரைக் கண்டார். கண்டவை அவர் நெஞ்சை வாட்டின. அவ்வாட்டத்தைத் தம் பாடல்களிலும் அவர் மறைக்காமல் வெளியிட்டுள்ளார்.

1866 ஆம் ஆண்டில் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் கடும்பஞ்சம் நிலவியது. வயிறு காய்ந்த மனிதனிடம் ஞானம் பேசுவதில் பயன் இல்லை என்பதை அடிகளார் நன்கு உணர்ந்தவர். இரங்குவது மட்டும் போதாது. இரக்கம் அடுப்பில் நெருப்பாகவும் இலையில் சோறாகவும் மாற வேண்டும் எனக் கருதினார். சாலைகள் சந்திக்கும் வடலூரை அதற்குரிய இடமாகத் தேர்ந்தார். வழிப்போக்கர் மிகுதியாக வரும் இடத்தில்தானே பசித்தவரும் மிகுதியாக வருவர்! அவ்வூர் மக்கள் தங்கள் நிலத்தில் ஏறத்தாழ 80 காணியை, அஃதாவது நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பை, அவருக்கு எழுதிக் கொடுத்தனர். நிலம் கொடுத்தவர் மன்னர் அல்லர். உழுது உண்ணும் எளிய மக்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

1867 ஆம் ஆண்டு மேத் திங்கள் 23 ஆம் நாள் வடலூரில் சத்திய தருமசாலை தொடங்கப்பெற்றது. சாதி எது, சமயம் எது, ஊர் எது என்று வினவாமல், பசித்து வந்தோர் யாவர்க்கும் அங்கே உணவு வழங்கப்பெற்றது. ஒருவரோடு ஒருவர் சேர்ந்து உண்பதற்கே சாதி தடையாக நின்ற காலத்தில் இது எத்துணைப் பெரிய துணிவு என்பதை எண்ணிப் பாருங்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து வருகிறது. அதே 1867 ஆம் ஆண்டில், தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால், திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளும் அச்சேறின.

பசியைத் தீர்ப்பது ஏன் முதல் அறம் என்பதை அடிகளார் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் விளக்கியுள்ளார். பசி மிகுந்தால் அறிவு மயங்கும். கண் ஒளி குன்றும். உள்ளத் துணிவு தளரும். இறைவனைப் பற்றிய நினைவும் மறையும். ஆகவே பசியை நீக்குவது வயிற்றை நிரப்புவது மட்டும் அன்று. அறிவையும் உயிரையும் மீட்டுத் தருவதாகும் என்பது அவர் கருத்து. இந்த இரக்கத்தை மனிதரோடு நிறுத்தாமல் விலங்கு, பறவை, பயிர் ஆகியவற்றிற்கும் உரியதாக்கினார்; கொல்லாமையையும் புலால் உண்ணாமையையும் வற்புறுத்தினார்.

தருமசாலைக்கு அருகில் பரந்து கிடந்த பெருவெளியில் சத்திய ஞானசபையை அமைக்க 1871 ஆம் ஆண்டில் அவர் முற்பட்டார். எண்கோண வடிவில் எழுந்த அச்சபையில், 1872 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25 ஆம் நாள், தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நிகழ்ந்தது. அங்கே வழிபடப்பெறுவது ஒளி. ஒளியை மறைத்து நிற்கும் ஏழு திரைகளும் நீங்கியபின் அது காட்சி தரும். மனித அறிவை மூடியுள்ள அறியாமைத் திரைகளை அவை குறிக்கின்றன. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று அப்பெருவெளியில் திரளும் மக்கள் கூட்டத்தை இன்றும் காணலாம்.

1870 ஆம் ஆண்டு முதல் அடிகளார் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் எனப் பெயரிட்ட மாளிகையில் வாழ்ந்து வந்தார். அவர் வாழ்வின் இறுதிப் பகுதியில் ஒரு துயரம் கலந்திருந்தது. சோறு தேடி வந்தவர் பலர். வியப்பான செயல்களைக் காண வந்தவரும் பலர். ஆனால் அவர் காட்டிய நெறியைத் தம் வாழ்வாகக் கொண்டவர் மிகச் சிலரே. அதனை அவர் வெளிப்படையாகவே கூறி வருந்தினார். வருந்தினாரே அன்றித் தம் பணியைக் கைவிட்டாரல்லர். 1873 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சித்திவளாகத்தில் மஞ்சளும் வெண்மையும் கொண்ட கொடியை ஏற்றி, தம் நெறியை மீண்டும் ஒருமுறை மக்களுக்கு விளக்கினார்.

1874 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30 ஆம் நாள் அவர் தம் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். அதன் பின்னர் அவரை எவரும் கண்டாரல்லர். அவர் ஒளியோடு கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. 1878 இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்ட நூலில், ஆங்கில அதிகாரி கார்ஸ்டின் இந்நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். அப்போது அடிகளாருக்கு வயது 50.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1876 இல், தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் பற்றியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். பசியை ஒழிப்பதே முதற்பணி என்று அவர் கூறியது எத்துணை உண்மை என்பதைக் காலம் கொடுமையாகக் காட்டியது. 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என அறிவித்தது.

மாணவர்களே! வடலூர் வழியாகச் செல்லும் வாய்ப்பு உங்களுக்கு ஏற்பட்டால், ஞானசபையைக் கண்டு வணங்குவதோடு நின்றுவிடாதீர்கள். தருமசாலையின் அடுப்பருகே சென்று சிறிது நேரம் நில்லுங்கள். பெருஞ்செல்வம் இல்லாத ஒருவர் மூட்டிய நெருப்பு, எளியோர் கொடுத்த நிலத்தின் மேல், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எரிந்து வருவதை நினைத்துப் பாருங்கள். உங்கள் வகுப்பில் ஒருவர் காலையில் உண்ணாமல் வந்திருக்கக்கூடும். அதனை அறிந்து, அவர் நாணாத வண்ணம், உங்கள் உணவிற் பாதியைப் பகிர்ந்தளித்தால், வள்ளலார் நடந்த வழியில் நீங்களும் ஓர் அடி நடந்தவர் ஆவீர்கள்.